அரைக்குரல்

சளியைப் பற்றி அவ்வளவு மரியாதையாகப் பேசும் மனிதர்களை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. காலையில் ஒத்திகை அறைக்குள் நுழைந்தால் ஒரு சுகம் விசாரிப்புக் கிடையாது. "இண்டைக்கு நெஞ்சிலை நிக்குது", "எனக்கு மூக்குக்குப் பின்னாலை" என்று ஒருவருக்கொருவர் சளியின் இருப்பிடத்தைச் சொல்லிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போய்ச் சுவரோரத் தொட்டியில் கொப்பளித்துத் துப்புவார்கள். என் தேத்தண்ணிக் கோப்பையையும் நான் அதே தொட்டியில்தான் கழுவ வேண்டும். சீ!

இவர்கள் ஓபரா பாடகர்கள். பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் ஞாபகத்தில் எல்லோரும் யாழ்ப்பாணத்தாராகத்தான் பேசுகிறார்கள். அதை நான் திருத்தப் போவதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொழும்பில் எஞ்சினியராக இருந்த என் கணவர், நாங்கள் குடியிருந்த புறநகரான டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்ப் பம்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சான்றிதழ்கள் ஏதோவொரு மேசையில் கிடந்தன. தமிழ்ப் பேச்சுக் கேட்பதென்றால் அது எங்கள் வீட்டுக் குசினிக்குள் மட்டும்தான். யாழ்ப்பாணத்துக் கொன்வென்ற்றில் படித்து, லண்டன் பியானோப் பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணியவள் நான். ஓபரா கம்பனி ஒன்றுக்கு ஒத்திகைக்குப் பியானோ வாசிக்க ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்துப் போனேன். முன்பின் பார்த்திராத மூன்று தாள்களை முன்னால் வைத்தார்கள். மூச்சு விடாமல் வாசித்தேன். "நாளைக்கே வாரும்" என்றார் இசை நடத்துநர்.

எனக்கு முன் அங்கே வாசித்தவர் ஒரு பாடகரிடம் சுருதி இறங்குகிறது என்று சொன்னாராம். அடுத்த நாள் அவருக்கு வேலை இல்லை. இதை முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்கள். "இஞ்சை வாசிக்கிற ஆளுக்குக் கைதான் இருக்கு. வாய் இல்லை. விளங்கிச்சுதோ?" எனக்கு விளங்கியது. வீட்டு வாடகைக்கு என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தோம். அதனால் நன்றாகவே விளங்கியது.

அந்த வருடம் ஓபராவுக்குச் சனம் வரவில்லை. நிர்வாகத்தில் யாரோ ஒருவருக்கு யோசனை வந்தது: குளிர்காலத்தில் ஒரு பிராட்வே இசைநாடகம் போடுவோம், அதற்குச் சனம் வரும், எங்கள் ஓபரா பாடகர்களே பாடட்டும். அறிவிப்பு வந்த அன்று அந்த அறையில் இருந்த மூக்குகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் சுழித்தன. "கண்டறியாத பாட்டு!" என்றார் ஒருவர். "குளிக்கேக்கை பாடுறதுக்கும் காசு தருவினமாம்" என்றார் இன்னொருவர். அவர்களின் எடுப்பைப் பார்க்க எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு இளப்பமென்றால் பாடாமல் விட்டிருக்கலாமே? அதுவும் மாட்டார்கள். அந்த நாடகத்தின் இசை நோட்டைக் கையில் எடுத்து, அழுக்குத் துணியைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு அந்த நோட்டுப் பிடித்திருந்தது. ரயில் நிலையத் தேநீர்க் கடையில் கோப்பை கழுவும் ஒரு பெண்ணின் கதை அது. புருஷன் ஒரு நாள் ரயில் ஏறிப் போனவன், திரும்பவில்லை. அவள் ஒவ்வொரு காலையும் பழக்க தோஷத்தில் மேசையில் இரண்டு கோப்பை வைத்துவிடுவாள். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைப்பாள். அப்போது ஒரு பாட்டு. சின்னப் பாட்டு. அச்சடித்த புத்தகத்தில் எதிரெதிராக இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பெண் வேலை செய்துகொண்டே தனக்குள் பேசும் குரல் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்தான் எழுதியிருந்தார்கள். அதைப் பாட்டாக்கிக் காட்டாமல் பாட வேண்டும். அதுதான் அதன் கஷ்டம்.

அதைப் பாடப்போகிறவர் கம்பனியின் பெரிய பாடகி. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. இருபது வருடமாக ராணிகளையும் சாகப்போகிற காதலிகளையும் பாடியவர். புத்தகத்தை ஒரு தரம் புரட்டிவிட்டு, "இது எனக்குக் காணாது, பதிஞ்சு கிடக்குது. நாலு சுரம் மேலை ஏத்தும்" என்றார் என்னிடம்.

மைக் வைத்தால் இந்தச் சுருதியிலேயே பாடலாமே என்று இசை நடத்துநர் மெல்லக் கேட்டார்.

"மைக்கிலை பேசுறது பிளாற்போமிலை அறிவிப்புச் சொல்லுறவையின்ரை வேலை" என்றார் பாடகி.

அதோடு அந்தக் கதை முடிந்தது. அந்தப் பாட்டு முழுவதையும் நாலு சுரம் ஏற்றி, குசினி மேசையில் இருந்து கையால் எழுதினேன். பாடகிக்கு என் எழுத்தில் ஐந்து தாள். அச்சடித்த புத்தகம் பியானோவின் மேல் என்னிடமே இருந்தது. பாடுகிறவர்கள் பியானோவின் வளைவில் எனக்கு எதிரே நிற்பார்கள். என் பக்கத்தில் வந்து நோட்டை எட்டிப் பார்ப்பதெல்லாம் அவர்களுக்குக் கௌரவக் குறைவு.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓபரா பாடகர்கள் ஒத்திகையில் முழுக்குரலில் பாடமாட்டார்கள். தொண்டையை மேடைக்குச் சேமித்து வைப்பார்கள். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று பழகும்போதெல்லாம் அரைக்குரல்தான். முணுமுணுப்பு என்றும் சொல்லலாம். அரைக்குரலில் பாடுவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். நல்லது என்றும் சொல்லக்கூடாது. அது பாட்டே அல்ல. பாடகர் அங்கே இல்லை. அதைப் புகழ்ந்தால் முழுக்குரலை அவமதித்ததாக எடுப்பார்கள்.

கம்பளிக் கிடங்கொன்றின் மேல்மாடிதான் எங்கள் ஒத்திகை அறை. ஆட்டு மயிரின் எண்ணெய் வாடை பலகைகளில் ஊறியிருந்தது. ஒரு திங்கட்கிழமை, நல்ல குளிர். பாடகி மேல்கோட்டைக் கழற்றாமலே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார். கையில் ஒத்திகைக்கென்று வைத்திருந்த கோப்பை.

"இண்டைக்குத் தொண்டையைச் செலவழிக்க ஏலாது. பழைய சுருதியிலேயே வாசியும்" என்றார்.

நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தேன். அவர் முணுமுணுக்கத் தொடங்கினார். கடவுளே! சொல் ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது, பக்கத்து வீட்டுக்காரி குசினிக்குள் தன்பாட்டில் கதைக்கிறமாதிரி. இரண்டாவது கோப்பையைக் கண்டுபிடிக்கும் இடத்தில் ஒரு சிறு மூச்சு எடுத்தார். அவ்வளவுதான். அன்று காலை நேரத்தோடு வேலைக்குப் போன கணவருக்கும் சேர்த்து நான் தேத்தண்ணி ஊற்றியிருந்தேன். அது மேசையில் ஆறிக் கிடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. என் கை நின்றுவிட்டது.

வாசிப்பு நின்றால் அறையே திரும்பிப் பார்க்கும். எல்லோரும் பார்த்தார்கள். பாடகியும் பார்த்தார்.

"என்ன?"

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதை அவர் கண்டாரோ தெரியாது. "பக்கம் ஒட்டிப் போச்சுது" என்றேன்.

"பார்த்துத் திருப்பும்" என்றார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

அதன் பிறகு மூன்று கிழமை அவர் அந்தப் பாட்டைப் பழைய சுருதியில் அரைக்குரலில்தான் பாடினார். அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் டண்டினொங்கிலிருந்து ரயிலில் நின்றுகொண்டு வருவேன். மற்றவர்களின் துப்பல், யூக்கலிப்டஸ் இனிப்பு வாடை, தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொள்ளும் புகழ்மாலைகள் எல்லாவற்றையும் அதற்காகப் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் கணவரிடம் சொன்னேன். "உங்களை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போறன். அந்த மனிசி அந்தப் பாட்டைப் பாடுறதைக் கேளுங்கோ. பிறகு என்னோடை வாய் காட்டமாட்டியள்." அவர் சிரித்தார்.

ஒரு மத்தியானம் பாடகி என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. போத்தலிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்தபடி, தானாகவே சொன்னார். இந்த நாடகம் நன்றாகப் போனால் சிட்னிக்குக் கொண்டுபோவார்களாம். அப்படியென்றால் அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம். போகாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. அவருடைய இடத்துக்கு ஒரு இளம் பெண்ணை ஏற்கெனவே தேடி வைத்துவிட்டார்கள்.

"பிறகு நான் பல் டொக்டர்மாரின்ரை பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்க வேண்டியதுதான்" என்றார்.

எனக்குப் பாவமாகவும் பயமாகவும் இருந்தது. அவருடைய மேல் சுரங்கள் ஆடத் தொடங்கிவிட்டன என்பது மற்றப் பாட்டுகளுக்கு வாசித்த எனக்குத் தெரியும். அவரைக் காப்பாற்றக்கூடியது அந்த அரைக்குரல். அதை அவர் குப்பை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இசை நடத்துநரிடம் போனேன். அந்தப் பாட்டைப் பழைய சுருதியிலேயே, இப்போது முணுமுணுக்கிறமாதிரியே, ஒரு மைக் வைத்துப் பாடச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஹீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் காது இருக்கு" என்றார்.

"அப்ப சொல்லுங்கோவன்."

"அவவிட்டையோ? நானோ? உமக்கென்ன விசரோ? சனம் டிக்கெற் எடுக்கிறது பெரிய குரலுக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மடை வேலை என்ன?" என்று கேட்டார்.

"வாசிக்கிறது."

"அதைப் பாரும்."

இப்படி ஒரு கோழையை நான் கண்டதில்லை என்று ரயிலில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். இன்னொரு கோழை அதே ரயிலில் ஜன்னலோரமாக இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

திறப்பு நாளுக்கு முன், வேஷத்தோடும் வாத்தியங்களோடும் முழு ஒத்திகை. வீட்டாரைக் கூட்டி வரலாம் என்றார்கள். கணவர் தொழிற்சாலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு வந்தார். அன்று எனக்கு வாசிக்கும் வேலை இல்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு வரும் இடத்தில் அவருடைய முழங்கையைத் தட்டினேன்.

பாடகி வாயைத் திறந்தார்.

என்னத்தைச் சொல்ல! நாலு சுரம் ஏற்றிய சுருதி, முழுக்குரல். அது கூரையில் போய் முட்டியது. தேநீர்க் கடையில் கோப்பை கழுவுகிற ஒருத்தி, யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிற ஒரு வெட்கத்தை, ஊருக்கே கேட்கும்படி ஊதினார். மெய்யெழுத்துகளை எல்லாம் விழுங்கிவிட்டு உயிரெழுத்துகளை மட்டும் வெளியே தள்ளினார். ஒவ்வொரு சுரமும் நிலை கொள்ளாமல் ஆடியது. இரண்டாவது கோப்பை வரும் இடத்தில் அந்தச் சிறு மூச்சு இல்லை. நீளமான ஒரு அலறல் இருந்தது. பாட்டின் நடுவிலேயே கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு கையையும் விரிக்க வேண்டுமே! முடிவில், தனக்குள் அடங்கிப் போக வேண்டிய கடைசிச் சொல்லை மேலே தூக்கி, அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. முகப்பூச்சு வியர்வையில் கோடு கோடாக இறங்கியது. அதைப் பார்க்கவும் ஏலாது, கேட்கவும் ஏலாது. நல்ல சாப்பாட்டைத் தட்டோடு மண்ணில் கொட்டியதைப் பார்த்த அருவருப்பு எனக்கு. பக்கத்தில் சக பாடகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தூ! அறிவிப்பு வந்த அன்று இதைக் குளியலறைப் பாட்டு என்றவர்கள். இப்போது அது பாட்டே இல்லாமல் போனதும் பிடித்துவிட்டது.

கணவர் என் காதுக்குள் குனிந்தார். "உந்த மனிசி என்ன பாஷையிலை பாடினவ?"

"இங்கிலீஷப்பா."

"சும்மா சொல்லாதையும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிந்ததும் ஒரு பெண் வந்து, பாடகி என்னைக் கூப்பிடுகிறார் என்றாள்.

அவருடைய அறையில் முகப்பூச்சுத் துடைக்கும் கிரீமும் வியர்வையும் யூக்கலிப்டஸும் கலந்த ஒரு வாடை. பாதி முகத்தில் பூச்சைத் துடைத்திருந்தார். மற்றப் பாதி தேநீர்க் கடைக்காரியாகவே இருந்தது. கிரீம் அப்பிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிசுபிசு என்று இருந்தது. இழுத்துக்கொள்ள நினைத்தேன், இழுக்கவில்லை.

"இஞ்சை எல்லாரும் எனக்குப் பொய்தான் சொல்லுவினம். நீர் ஒராள்தான் உண்மையாய்க் காது குடுத்துக் கேக்கிறனீர். சொல்லும். எப்பிடி இருந்தது?"

வாயில் வந்தது. சத்தியமாக வந்தது. "பழைய சுருதியிலை பாடுங்கோ, மெல்லப் பாடுங்கோ" என்று அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு நாள் இருந்தது. எனக்கு முன் வாசித்தவரும் வாடகையும் அந்த ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"அருமை" என்றேன்.

அவர் கையை விடவில்லை. "அண்டைக்கொரு நாள் நான் அரைக்குரலிலை பாடேக்கை நீர் வாசிக்கிறதை நிப்பாட்டினனீர். ஏன்?"

"பக்கம் ஒட்டிப் போச்சுது எண்டு சொன்னனான்தானே."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. பக்கம்தான்."

கையை விட்டார். நடைபாதையின் முடிவில் இருந்த தொட்டிக்குப் போய் மணிக்கட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அவர்கள் துப்பும் தொட்டியைப் போலவே அதுவும் ஒரு தொட்டி. கண்ணாடியைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நாடகம் படுத்துவிட்டது. முதல் நாள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். பத்திரிகைகள் பாடகியின் பழைய பெருமையைப் பற்றி எழுதின. ஒருவர் ஒருவரைப் பற்றி அப்படி எழுதுவது கை கழுவத்தான். அடுத்தடுத்த கிழமைகளில் கதிரைகள் வெறுமையாகிக்கொண்டு போயின. சிட்னிக்கு நாடகம் போகவில்லை. ஒப்பந்தமும் வரவில்லை. இளம் பெண் ஒருத்தி எங்கள் அறைக்கு வந்து எல்லோருக்கும் கை கொடுத்தாள். என் வேலை எனக்கு இருந்தது.

கடைசிக் காட்சி முடிந்து சில நாளில், ஒரு மத்தியானம், நான் புத்தகங்களைக் கட்டி அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். பாடகி தன்னுடைய செருப்புகளையும் ஆவி பிடிக்கும் கேத்தலையும் எடுத்துப் போக வந்தார். ஒரு பையில் அடங்கிவிட்டது. இருபது வருடத்துக்கு ஒரு பை. போகப்போனவர் நின்றார்.

"அந்தப் பாட்டை ஒருக்கா வாசியுமன். பழைய சுருதியிலை."

கட்டை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்து விரித்து வைத்தேன். அவர் வழக்கமான இடத்தில் போய் நிற்கவில்லை. சுற்றி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "இனிச் சேமிச்சு என்ன செய்ய" என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் அரைக்குரலில்தான் பாடினார்.

அதேமாதிரி இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது என்றும் சொல்லலாம். இரண்டாவது கோப்பையில் அந்தச் சிறு மூச்சு என் காதோரத்தில் கேட்டது. இந்த முறை நான் நிறுத்தவில்லை. கடைசிச் சொல் அவருக்குள்ளேயே அடங்கியது. என் கைகள் பியானோக் கட்டைகளின் மேல் கிடந்தன.

தோளுக்கு மேலாக அவருடைய கை நீண்டது. ஒரு விரல் பாட்டின் முதல் வரியைத் தொட்டது, இடப்பக்கத்தின் உச்சியில். பிறகு மெல்ல நகர்ந்து அதன் கடைசி வரியைத் தொட்டது, வலப்பக்கத்தின் அடியில். இரண்டுக்கும் நடுவே திருப்புவதற்கு ஒரு பக்கமும் இருக்கவில்லை.

"எந்தப் பக்கம் ஒட்டினது?" என்று கேட்டார்.

நான் புத்தகத்தை மூடினேன்.